அக்கரைக்கு உள்நாட்டுத் தபால்

தபால் ஒன்றியத்தின் தேதி முத்திரையை ஏரிக்குள் போட்டவன் நான்தான். வேண்டுமென்று போடவில்லை, தும்மினேன். "ஊழியரின் மூக்கு மேலதிகாரியின் முன் அனுமதி பெறாமல் செயல்பட்டது" என்று விசாரணைக் குழு பின்னால் பதிவு செய்தது. என்னைப் பற்றி இவ்வளவு நியாயமாக வேறு யாரும் எழுதியதில்லை.

ருஷாகா படகுத்துறையில் அன்று விழா. ஏரிப் பூச்சிகள் புகை மாதிரி எழும்பி வருகிற பருவம். என் இரண்டு கையிலும் சிவப்புத் திண்டு, திண்டின்மேல் முத்திரை, வாயில் ஊர் வழக்கப்படி காலையில் மெல்லப் போட்ட காப்பிக்கொட்டை. எதிரில் ஒன்றியத்தின் தலைவர் வின்டர்போர்ன் துரை, தொப்பியில் இறகோடு. அவர் கையை நீட்டினார். ஒரு பூச்சி என் மூக்குக்குள் குடிபுகுந்தது. அடுத்த கணம் திண்டு இருந்தது, முத்திரை இல்லை. காப்பிக்கொட்டை துரையின் சட்டையில் இருந்தது.

பழைய முத்திரையை அன்று காலையில்தான் சம்மட்டியால் உடைத்திருந்தோம். பிரிவினையின் கடைசிச் சின்னம் ஒழிந்தது என்று துரை அதற்கென்று தனியாக ஓர் உரையே ஆற்றியிருந்தார்.

துறைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் நின்று வலை அலசிக்கொண்டிருந்த படகோட்டி திபாய்ஜுகா தலையைத் தூக்கினான்.

"என்னடா நொவாட்டி, இங்கேதான் விழுந்துச்சு. என் காலுக்கு நாலடி தள்ளி. எடுத்துத் தரவா? இடுப்பளவு தண்ணிதான்."

"யாரும் தொடக் கூடாது!" என்றார் துரை. "விசாரணை முடியும்வரை சம்பவ இடம் அப்படியே இருக்க வேண்டும்."

"ஏரிங்க அது," என்றான் திபாய்ஜுகா. "அப்படியே இருன்னா இருக்குமா?"

அவனைத் தூரப் போகச் சொன்னார்கள்.

ஒன்றியம் எதற்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலக ஜன்னலில் நின்றால் ஏரியில் வந்து விழுகிற ஆற்றுக்கு அந்தப் பக்கம் கசிந்தாவின் வாழைத்தோப்பு தெரியும். யார் வீட்டு அடுப்பு புகைகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கரை டாங்கனிக்கா, அந்தக் கரை உகாண்டா. இங்கிருந்து அங்கே ஒரு கடிதம் போட்டால் அது வெளிநாட்டுத் தபால். இரண்டு மடங்குக் கட்டணம். கென்யாவையும் சேர்த்து மூன்று பகுதிக்கும் ஒரே தபால், ஒரே தபால்தலை, ஒரே கட்டணம் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு. அரை நாளில் எடுத்தார்களாம்.

மிச்ச வருஷங்கள் எல்லாம், தபால்தலையிலும் முத்திரையிலும் எந்தப் பெயர் முதலில் வருவது என்பதில் போயின. அகர வரிசை என்றால் ஒருவர் வெளிநடப்பு. பரப்பளவு என்றால் இன்னொருவர். வெள்ளைக்காரன் கொடி முதலில் ஏறிய வரிசை என்றபோது மூவருமே வெளிநடப்புச் செய்து, வெளியே வராந்தாவில் கூட்டம் தொடர்ந்ததாகக் கேள்வி. கடைசியில் ஒரு மேதை வட்டம் என்றார். வட்டத்தில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு, வட்டத்தின் உச்சியில் யார் என்ற கேள்வி வந்தது. அதற்காகத்தான் எங்கள் முத்திரையின் வளையம் சுழலும்படி செய்யப்பட்டிருந்தது. மாதம் ஒரு பெயர் உச்சிக்கு வரும். சுழற்றுகிற சாவி தலைமையகத்தில் பத்திரமாக இருந்தது.

இதெல்லாம் எனக்கு வேடிக்கைதான், ஒரே ஒரு விஷயம் தவிர. அந்த முத்திரை முதன்முதலாக விழவேண்டிய உறை என்னுடையது. "ஒன்றியத்தின் முதல் உள்நாட்டுக் கடிதம்" என்று எங்கள் போஸ்ட்மாஸ்டர் நொரோன்யா அதைத் தட்டில் வைத்திருந்தார். ஒழுங்கான மனிதர், கோவாக்காரர், எறும்பைக்கூட வரிசையில் வரச் சொல்வார். உறையின்மேல் என் மனைவியின் பெயர் இருந்தது. பஸ்காசியா, கயொண்டோ வீடு, கசிந்தா.

அவள் கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று என் பெரியப்பா வாரத்துக்கு ஒரு தடவை வந்து, வாழைக்காயும் அவரைக்கொட்டையும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லிவிட்டுப் போவார். சமைத்தவள் காதில் விழும்படிதான் சொல்வார். ஒரு நாள் அவர் போனபிறகு பஸ்காசியா அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்.

"இன்னொருத்தியைக் கட்டுவியா, மாட்டியா?"

நான் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தேன். நொரோன்யாவின் குரலில், "உரிய காலத்துல பரிசீலிக்கப்படும்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அவள் பாய் சுருட்டப்பட்டு, சுவரில் சாய்ந்திருந்தது.

என் கடிதத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை. "மாட்டேன். நீ திரும்பி வருவாயா?" அவ்வளவுதான். கசிந்தா பள்ளியில் இரண்டு வருஷம் படித்தவளுக்கு இது போதும். எனக்குத்தான் அதை எழுதப் பல தாள்கள் வீணாயின.

முத்திரை விழுந்த மறுநாள் நொரோன்யாவிடம் போனேன்.

"சார், என் கடிதாசி எப்ப போகும்?"

"முத்திரை குத்தாம எப்படிப் போகும்?"

"முத்திரை எப்ப வரும்?"

"தொலைஞ்சது விசாரணையில இருக்கு. தொலையலைன்னு தீர்ப்பானா இதுவே வரும். தொலைஞ்சதுன்னு தீர்ப்பானா புதுசு வரும்."

"எப்ப தீர்ப்பாகும்?"

"நொவாட்டுஸ், அது விஷயத்துக்குள்ள ரொம்ப ஆழமா போற கேள்வி," என்றார். உள்ளே போனால் என்ன இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

விசாரணைக் குழு நீராவிக் கப்பலில் வந்து இறங்கியது. முத்திரை விழுந்தது எந்த ஆட்சிப்பகுதியின் தண்ணீரில் என்பதுதான் முதல் கேள்வி. எந்தப் பகுதியோ, அதன் கணக்கில்தான் புது முத்திரைக்கு விண்ணப்பம். துறை டாங்கனிக்காவில் இருக்கிறது, ஆகவே டாங்கனிக்கா என்றார் ஒருவர். ஆனால் ஆற்றுத் தண்ணீர் வடக்கே தள்ளும், ஆகவே உகாண்டா என்றார் மற்றவர். வின்டர்போர்ன் துரை எழுந்தார். பேச எழும்போதெல்லாம் அவர் தொப்பியை எடுத்துவிட்டு, பேசி முடித்ததும் போட்டுக்கொள்வார். பெரும்பாலும் தொப்பி கையில்தான் இருக்கும்.

"கனவான்களே, நாம் குறுகிப் பார்க்கக் கூடாது. இந்த ஆறு ஏரிக்குள் வருகிறது. ஏரி நைல் நதியாகப் போகிறது. நைல் சூடானுக்கும் எகிப்துக்கும் போகிறது. அந்த நாடுகள் நம் ஒன்றியத்தில் இல்லை என்பது வருந்தத்தக்கது. அவர்களுக்கும் எழுதுவோம். பதில் வரும்வரை முத்திரை நகரும் நிலையில் இருப்பதாகக் கருதப்படும்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திபாய்ஜுகா இடுப்பளவு தண்ணீரில் நின்று கையைத் தூக்கிக் காட்டினான். கையில் முத்திரை பளபளத்தது. வலையில் மாட்டியிருக்கிறது.

ஓடிப்போய் வாங்கிவந்து மேசைமேல் வைத்தேன். சொட்டச் சொட்ட இருந்தது. குழு தன் காகிதங்களைச் சொட்டாத பக்கம் நகர்த்தியது.

"இது என்ன?" என்றார் துரை.

"முத்திரைங்க ஐயா. கெடச்சிருச்சு."

"தொலைந்த பொருளைப் பற்றி இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். இது கிடைத்த பொருள். இரண்டும் வேறு பிரிவு."

கிடைத்த பொருள்களின் பிரிவு தலைமையகத்தில் இருந்தது. பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும் என்று உத்தரவு. நொரோன்யா அதைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடைத்தார், அரக்கு வைத்தார், நூல் கட்டினார், தபால்தலை ஒட்டினார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அவர் முன்னால் இருந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன சார்?"

"இதுமேல முத்திரை குத்தணும்."

"முத்திரை உள்ள இருக்கு."

"அதான்."

நான் வழி சொன்னேன். பெட்டியைப் பிரிப்போம், முத்திரையை எடுத்துப் பெட்டிமேல் குத்துவோம், மறுபடி உள்ளே வைப்போம். நொரோன்யா என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான வருத்தம் இருந்தது. தொலைந்ததாகப் பதிவான முத்திரையைக் குத்துவது கள்ள முத்திரைக் குற்றம். அதற்குச் சிறை. பெட்டி மேசையிலேயே இருந்தது. பிறகு அதன்மேல் அவர் மைப்புட்டியை வைத்துக்கொண்டார். வசதியான உயரம்.

மத்தியானங்களில் நான் ஜன்னலோரம் நின்று சாப்பிடுவேன். கயொண்டோ வீட்டு அடுப்புப் புகை எழும்பும். அவள் பானை கழுவ ஆற்றோரம் வருவாள். இந்தப் பக்கம் பார்க்கிறாளா இல்லையா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது. பார்க்கிறாள் என்று சில நாள் வைத்துக்கொள்வேன். எனக்கு உள்ளே எதுவும் நடப்பதில்லை. வாழைக்காய் வாழைக்காயாகவே இறங்கும்.

திபாய்ஜுகா வெளியே படகுக்குக் கீல் பூசியபடி கேட்பான்.

"எதைப் பாக்குற தபாலு?"

"ஒண்ணுமில்லே."

"அந்த ஒண்ணுமில்லே பானை கழுவுதே, கூட்டிட்டுப் போகவா? ஒரு பாட்டு பாடி முடிக்கறதுக்குள்ள அந்தக் கரை. சும்மா போகக் கூடாது, ரெண்டு குடுக்கை வாழைச்சாராயம் எடுத்துக்க. மாமனார் வீட்டு வாசல்ல மருமகனுக்குன்னு போட்ட புல்லுமேல உக்காரு. அவரு திட்டுவாரு, மச்சான் திட்டுவான், அத்தைக்காரி எல்லாருக்கும் சேத்து வச்சுத் திட்டுவா. தலையைக் குனிஞ்சுக்க. சாயங்காலம் பொண்டாட்டியோட திரும்பி வந்துரலாம். எங்கப்பன் போனான், நானே மூணு தடவை போயிருக்கேன். ஊரு உலகத்துல எவன் போகலே?"

"கடிதாசி போட்டிருக்கேன்."

"மாமனாரு கடிதாசியைக் குடிப்பாரா?"

"தபால்ல வேலை பாக்குறவன் நானே வாயால போய்ச் சொன்னா, தபாலை எவன் நம்புவான்?"

"இப்ப மட்டும் எவன் நம்புறான்?" என்றான் அவன். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "உனக்கு ஒன்றியமும் இல்லே, மண்ணும் இல்லே நொவாட்டி. அவ மூஞ்சிக்கு நேரா நின்னு கேக்க பயம். கடிதாசின்னா 'வரமாட்டேன்'னு அது முகத்துலதானே சொல்லுவா."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. படகுத்துறையில் கீல் பூசுவது சட்டப்படி தடை செய்யப்பட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பிறகு தலைமையகம் கருணை காட்டியது. முத்திரை இல்லாத ருஷாகா கடிதங்களை மொத்தமாகத் தலைமையகத்துக்கு அனுப்பலாம், அங்கே குத்தி அனுப்புவார்கள். என் உறை பைக்குள் போனது. நானே கட்டினேன். கப்பலில் ஏரியைச் சுற்றியது, ரயிலில் மலை ஏறியது. மழைக்காலம் தொடங்கியபோது, இன்னும் முத்திரை குத்தாமலே, ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: "எந்த ஆட்சிப்பகுதியின் கசிந்தா?"

உகாண்டா என்று எழுதி அனுப்பினேன். அடுத்த கப்பலில் கண்டிப்போடு வந்தது: ஒன்றியத்துக்குள் ஆட்சிப்பகுதிகளின் பெயரை முகவரியில் எழுதுவது ஒற்றுமைக்கு விரோதம். அடித்துவிட்டு அனுப்பினேன். எந்த ஆட்சிப்பகுதி என்று மறுபடி கேட்டார்கள். இந்தத் தடவை கேட்டவர் வேறு ஒருவர். எழுத்து அழகாக இருந்தது.

வறுத்துத் தின்ன வெட்டுக்கிளி பிடிக்கிற காலம் வந்தது. ஊரே கூடையும் கையுமாகச் சிரித்துக்கொண்டு அலைந்தது. பஸ்காசியா அதை உப்புப் போட்டு வறுப்பதில் கெட்டிக்காரி. நான் பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிடி வாங்கித் தின்றேன். உப்பு குறைவு என்று தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

ஒன்றியத்தின் முதலாண்டு நிறைவுக்கு வின்டர்போர்ன் துரை மீண்டும் வந்தார். ஊழியர்கள் தயங்காமல் கேள்வி கேட்கலாம் என்றார். நொரோன்யா கண்ணால் தடுத்தும் நான் எழுந்தேன்.

"ஐயா, அக்கரைக்கு ஒரு கடிதாசி போட்டேன். அது எப்ப போய்ச் சேரும்?"

துரை தொப்பியை எடுத்தார்.

"அருமையான கேள்வி. 'போய்ச் சேர்வது' என்பது பழைய காலத்துச் சிந்தனை. அன்று இது வெளிநாடு, அது வெளிநாடு. ஆகவே கடிதம் ஓரிடம் விட்டு ஓரிடம் போகவேண்டியிருந்தது. இன்று மூன்றும் ஒன்று. உங்கள் கடிதம் எங்கே இருந்தாலும் உள்நாட்டில்தான் இருக்கிறது. ஏற்கெனவே உள்நாட்டில் இருக்கும் ஒரு பொருள், உள்நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்பது எப்படிப்பட்ட ஆசை? கடந்த ஆண்டில் ஒரு கடிதம்கூட வெளிநாட்டில் தொலையவில்லை என்பதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டினோம். நானும்தான்.

அதே உரையில் ஒரு சிக்கன நடவடிக்கையையும் அறிவித்தார். ஒரே நாட்டில் ஆற்றின் இரண்டு பக்கமும் இரண்டு தபால் நிலையம் வீண்செலவு. ஆகவே கசிந்தா நிலையம் மூடப்படுகிறது. கசிந்தா மக்கள் தங்கள் கடிதங்களை ருஷாகாவில் வந்து வாங்கிக்கொள்ளலாம். படகுக் கூலி அவரவர் பொறுப்பு.

அடுத்த கப்பல் பையில் என் கடிதம் வந்தது. மூலையெல்லாம் தேய்ந்து, தலைமையகத்து முத்திரை குத்தி, தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் போட்டு, "ருஷாகாவில் பட்டுவாடா" என்று எழுதி. என் கையெழுத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை, யாரோ அவசரப்படாத ஆள் எழுதினதுபோல இருந்தது.

"அவங்களுக்குத் தெரியப்படுத்தணும்," என்றார் நொரோன்யா. கொஞ்சம் யோசித்தார். "அறிவிப்புங்கறது கடிதம் இல்லை. அது படகுல போகலாம்."

திபாய்ஜுகா படகை எடுக்கக்கூட இல்லை. துறையின் நுனியில் நின்று இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினான்.

"பஸ்காசியாவோய்! உனக்குக் கடிதாசி வந்திருக்கு!"

அக்கரையில் பானை கழுவிக்கொண்டிருந்த உருவம் நிமிர்ந்தது. கை அசைத்தது. கேட்டிருந்தது. நான் ஜன்னலை விட்டு விலகி, முகவரி வாரியாக அடுக்கியிருந்த கடிதங்களை எடுத்து முகவரி வாரியாக அடுக்கினேன்.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். படகில் அவளோடு ஆடுகளும் இருந்தன. திபாய்ஜுகா அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் விட்டான். என்னைப் பார்க்காமல் விட்டான். அதில் காது கிழிந்த கறுப்பு ஆட்டை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பெண் கேட்டு நாங்கள் ஓட்டிப்போய்க் கொடுத்த ஆடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வாங்கின ஆடு திரும்பி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கல்யாணம் முறிந்தது. நான் வேறு அர்த்தம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஆடுகள் அலுவலக முற்றத்துச் செவ்வந்தியைத் தின்ன ஆரம்பித்தன.

நொரோன்யா கதவுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "உயிருள்ள பார்சலுக்கு நம்ம கிட்ட விதி கிடையாது," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விதி எதுவும் இல்லாமல் அவர் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பஸ்காசியா உள்ளே வந்து, தபால் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். இளைத்திருந்தாள். கழுத்தில் நான் பார்க்காத மணி.

"கடிதாசி வந்திருக்காமே."

"ஆமா." உறையை எடுத்தேன். "தாமதக் கட்டணம் இருக்கு. நான் போட்டுக்கறேன்."

"என்ன எழுதியிருக்கு?"

"தபால்ல இருக்கறதை ஊழியர் சொல்லக் கூடாது," என்றேன். என் வாய்தான் சொன்னது. நான் அதை நிறுத்துவதற்குள் சொல்லி முடித்துவிட்டது.

அவள் சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் அடுப்பருகே வந்திருக்கவேண்டிய சிரிப்பு. கை நீட்டவில்லை.

"நீ எழுதினதுதானே? உன் வாயால சொல்லு."

உள்ளறையில் நொரோன்யா இருமினார். வெளியே திபாய்ஜுகா ஆட்டை விரட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"மாட்டேன்னு எழுதியிருக்கேன்," என்றேன். "இன்னொருத்தியைக் கட்ட மாட்டேன். பெரியப்பா வந்தாலும், யார் வந்தாலும். அப்புறம், நீ வருவியான்னு கேட்டிருக்கேன்."

"வரமாட்டேன்," என்றாள்.

கத்தவில்லை. நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். "அப்பா நீ குடுக்கையோட வருவேன்னு எத்தனையோ நாள் வாசல்ல புல்லு மாத்தி வச்சாரு. காய்ஞ்சு போகும், மறுபடி அறுத்துப் போடுவாரு. போன மாசம்தான் விட்டாரு. இப்ப நான் மிஷன் ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்கப் படிக்கப் போறேன். சேத்துக்கிட்டாங்க. நாளைக்குப் படகு."

"அப்படியா," என்றேன். நல்லது என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் திரும்பினாள். ஆற்றின் வெயில் கதவு நிறைய இருந்தது. இனிமேல் கேட்பதால் எந்தப் பிரயோஜனமும் இல்லாத ஒரு கேள்வி என்னிடம் இருந்தது. பிரயோஜனம் இல்லாததாலோ என்னவோ, பயமில்லாமல் கேட்க முடிந்தது.

"பஸ்காசியா. முத்திரை விழுந்த அன்னைக்கே நான் படகு ஏறி வந்திருந்தா?"

அவள் நின்றாள். பரிசீலிக்கவில்லை, யோசிக்கக்கூட இல்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"வந்திருப்பேன்," என்றாள்.